கந்தோருக்கும் கண்டிக்கும் ஒரே சைக்கிள்!

அன்றாட வேலைக்கும் நெடும் பயணத்துக்கும் ஏற்ற துவிச்சக்கர வண்டியைத் தெரிந்தெடுப்பது எவ்வாறு?

துவிச்சக்கர வண்டியை வசதியில்லாதவனின் வாகனம் என்று எண்ணுகின்ற வழக்கம் நம்மவரிடையே நெடுங்காலமாக உண்டு. உத்தியோகம் கிடைத்ததும் மோட்டார்ச் சைக்கிளும், உயர்வு கிடைத்ததும் காரும் வளவுக்குள் வந்துவிட, பழைய சைக்கிள் கோடிப்புறத்துச் சுவரிலே சாத்தப்பட்டுத் துருவேறிப் போவதே வழமை. ஆயினும், அவ்வாறு சாத்தி வைத்த வண்டியைத் தேடிச் சென்று தூசி தட்ட வேண்டிய காலம் நம் நாட்டில் இருமுறை வந்தது என்பதை எவரும் மறுத்தற்கில்லை.

1990ஆம் ஆண்டு தொடக்கம் வட பகுதிக்கு எரிபொருள் செல்வது தடைப்பட்டிருந்த ஆண்டுகளில், ஆசிரியரும் வைத்தியரும் வணிகரும் மாணவரும் சைக்கிளிலேயே சென்றனர். விறகும் நெல்லும் தேங்காயும் அதிலேயே சந்தைக்கு வந்தன. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாகத் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தபோது, நடக்க இயலாத முதியவரையும் உறங்கிய குழந்தையையும் அரிசி மூட்டையையும் சுமந்துகொண்டு நகர்ந்தவை பெரும்பாலும் துவிச்சக்கர வண்டிகளே. பின்னர் 2022ஆம் ஆண்டில், எரிபொருள் நிலையங்களின் முன்னே வரிசைகள் நாட்கணக்கில் நீண்டு கிடந்த வேளையில், கொழும்பு மாநகரத்து உத்தியோகத்தரும் சைக்கிளை நாடினர். கடைகளிலே வண்டிகளின் விலை ஏறியது. கிடைத்ததை வாங்கினால் போதும் என்ற நிலையும் உண்டாயிற்று.

அவ்வாறு அவசரத்தில் வாங்கிய வண்டிகள் பல இன்று விறாந்தைகளிலே சும்மா நிற்கக் காண்கின்றோம். உரியவரைக் கேட்டால், “ஏறினால் முழங்கால் நோகிறது”, “முதுகு பிடிக்கிறது”, “ரயர் போய்விட்டது, அந்த அளவில் கிடைக்கவில்லை” என்பர். இவற்றைச் சோம்பல் என்று தள்ளிவிடல் நீதியாகாது. பொருத்தமில்லாத செருப்பை அணிந்தவன் நடையை வெறுப்பது போலவே, பொருத்தமில்லாத வண்டியை வாங்கியவன் சவாரியை வெறுக்கிறான். ஒரு குடும்பம் மாதக்கணக்கில் மிச்சம் பிடித்த பணம் அதனோடு வீணாகின்றது. பஸ் கட்டணத்தை மீதப்படுத்த எண்ணியவருக்கு அம்மீதமும் இல்லை, உடல் நலமும் இல்லை. ஆகவே, வாங்குமுன் எதை நோக்க வேண்டும், எதை முதலில் நோக்க வேண்டும் என்பதை இங்கு விரிவாக ஆராய்வோம்.

இரு வேலை, ஒரு வண்டி

வாரத்தில் ஐந்து நாள் கந்தோருக்கோ பாடசாலைக்கோ செல்ல ஒரு வண்டியும், விடுமுறையிலே நெடுந்தூரம் செல்ல வேறொரு வண்டியும் வைத்திருத்தல் நம்மில் மிகச் சிலருக்கே இயலும். எனவே இரண்டுக்கும் உதவும் ஒன்றையே நாம் தேட வேண்டும். அத்தகைய வண்டி உலகில் இல்லாத புதுமையன்று. பாரத்தோடு நெடுந்தூரம் செல்லவென ஆக்கப்பட்ட ‘ரூறிங்’ சைக்கிள், அதாவது பயணச் சைக்கிள், அன்றாட வேலைக்கும் மிகப் பொருந்துவதாகும். ஏனெனில் இரண்டும் கேட்பவை ஒன்றே: உடலை வருத்தாத இருக்கை, பாரம் தாங்கும் சில்லு, மழைக்கும் மேட்டுக்கும் அஞ்சாத அமைப்பு, எங்கும் திருத்தக்கூடிய உறுப்புகள்.

பந்தயச் சைக்கிளின் நோக்கமோ வேறு. இவ்விரண்டின் வேற்றுமையைப் பிரான்ஸ் தேசத்தின் வரலாறு நன்கு காட்டுகின்றது. சென்-எத்தியென் நகரத்திலே வாழ்ந்த போல் டி விவி என்பவர், ‘வெலோசியோ’ என்னும் புனைபெயரால் அறியப்பட்டவர், 1887ஆம் ஆண்டு சைக்கிளுக்கென ஒரு சஞ்சிகையைத் தொடங்கியவர். மலைப்பாதைகளில் பயணம் செய்து, மேட்டுக்கும் சமவெளிக்கும் வெவ்வேறு கியர் வேண்டும் என்று அவர் ஓயாது வற்புறுத்தினார். அவரைப் பின்பற்றிய பயணிகள் பல கியர்களைப் பயன்படுத்தி வந்தபோதும், புகழ்பெற்ற ‘ரூர் டி பிரான்ஸ்’ பந்தயத்திலே சங்கிலி மாற்றும் கியர் 1937ஆம் ஆண்டுவரை அனுமதிக்கப்படவில்லை. இன்று பந்தய வீரர் அனைவரும் உபயோகிக்கும் அச்சாதனத்தின் அருமையை அவர்களுக்கு முன்னரே உணர்ந்தவர்கள் சாதாரணப் பயணிகளே. கடையிலே ‘பந்தய மாதிரி’ என்று புகழப்படுவதைக் கேட்டு மயங்குவோர் இதனை நினைவிற் கொள்வாராக.

முதலாவது: உடலுக்கேற்ற அளவு

ஒரு வண்டி எத்துணைச் சிறந்ததாயினும், அளவு பொருந்தாவிடின் அதனால் பயனில்லை. சட்டத்தின் அளவு முதற்கண் நோக்கத்தக்கது. குறுக்குச் சட்டம் உள்ள வண்டியாயின், இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதிய நின்று பாருங்கள். சட்டத்துக்கும் உடலுக்குமிடையே மூன்று முதல் ஐந்து சென்ரிமீற்றர் இடைவெளியேனும் இருத்தல் வேண்டும்.

அடுத்து, சீற்றின் உயரம். சீற்றில் அமர்ந்து, பெடல் ஆகக் கீழே நிற்கும்போது அதன்மீது குதிக்காலை வைத்தால், முழங்கால் நேராக நீள வேண்டும். பின்பு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடிந்து நிற்கும். அதுவே சரியான உயரம். நம்மவரிற் பலர் விழுந்துவிடுவோம் என்னும் அச்சத்தால் சீற்றை மிகத் தாழ்த்தி வைத்து, முழங்காலை மார்புவரை உயர்த்தி மிதிக்கின்றனர். முழங்கால் நோவுக்கு இதுவே பெருங் காரணம். நிற்கும்போது சீற்றிலிருந்து முன்னே இறங்கி நிற்கப் பழகினால் அச்சம் தானே நீங்கும்.

ஹாண்டில் சீற்றின் மட்டத்திலோ அதற்குச் சற்று மேலோ இருப்பது நெடும் பயணத்துக்கு நலம் தரும். மிகத் தாழ்ந்தால் முதுகும் மணிக்கட்டும் வருந்தும். மிக உயர்ந்தால் உடல் முழுவதும் காற்றுக்கு எதிரே சுவர்போல் நிற்கும். வைகாசி தொடங்கிச் சோழகக் காற்று வீசும் மாதங்களில் ஆனையிறவு வெளியைத் தெற்கு நோக்கிக் கடந்தவருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஆதலின், கையை இரண்டு மூன்று இடங்களில் மாற்றிப் பிடிக்கக்கூடிய ஹாண்டிலே பயணத்துக்கு உகந்தது. ஒரே பிடியில் நான்கு மணி நேரம் இருந்தால் விரல்கள் விறைத்துப் போகும்.

பிள்ளைகளுக்கு வாங்கும் பெற்றோருக்கும் ஒரு சொல். “வளருகிற பிள்ளைதானே” என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கிக் கொடுத்தல் சிக்கனம் போலத் தோன்றும். நிலத்திற் கால் எட்டாத பிள்ளை பெருந்தெருவிலே திடீரென நிறுத்த நேரும்போது என்ன செய்யும்? சீற்றையும் ஹாண்டிலையும் உயர்த்தி ஓரிரு ஆண்டுகளை ஈடுசெய்யலாம். ஆனால், இன்று நிலத்தில் கால் எட்டாத வண்டியை இன்று கொடுத்தல் ஆகாது.

இரண்டாவது: சட்டமும் அதன் உலோகமும்

இரும்புக் கலப்பான உருக்குச் சட்டம், அலுமினியச் சட்டம், காபன் இழைச் சட்டம் என இக்காலத்திலே மூவகை உண்டு. காபன் இழை பாரம் மிகக் குறைந்தது, விலை மிக உயர்ந்தது. அடிபட்டால் அதனைத் திருத்துவது நம் ஊர்ப் பட்டறைகளுக்கு இயலாத காரியம். அலுமினியம் துருப்பிடியாது. அன்றாட வேலைக்கு நன்றே உதவும். எனினும் வெடித்தால் ஒட்டுவது கடினம். உருக்கோ முறிவதற்கு முன் பெரும்பாலும் வளைந்து எச்சரிக்கும். முறிந்தாலும் ஒட்டு வேலை தெரிந்த ஒருவரைக் கண்டுபிடித்தல் சிற்றூரிலும் இயலும். கடற்காற்று வீசும் இடங்களில் வாழ்வோர் துருவுக்கு அஞ்சிச் சிறிது எண்ணெயும் பூச்சும் செலவிட வேண்டியிருக்கும். அச்சிறு தொல்லை பொறுக்கத்தக்கதே.

பாரம் குறைந்த வண்டி வேண்டும் என்று பெரும் பணம் கொடுப்போர் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்த்தல் நன்று. ஏறிச் செல்பவர் 65 கிலோ, கொண்டு செல்லும் பொருள்கள் 15 கிலோ, வண்டி 15 கிலோ எனக் கொண்டால் மொத்தம் 95 கிலோ. வண்டியின் பாரத்தில் இரண்டு கிலோ குறைந்தால், மொத்தத்தில் குறைவது நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு மாத்திரமே. அதே பணத்தை நல்ல சில்லுக்கும் பிறேக்குக்கும் செலவிடுவதே விவேகம்.

சட்டத்தில் இன்னும் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, பின்சில்லு சற்றே பின்தள்ளி அமைந்திருத்தல். அவ்வாறாயின் கரியரின் இருபுறமும் தொங்கும் பைகளிலே மிதிப்பவரின் குதிக்கால் தட்டாது. மற்றையது, கரியரும் மட்காட்டும் பூட்டுவதற்கான துளைகள். இக்கால வண்டிகள் பலவற்றிலே அழகு கருதி அத்துளைகளை விட்டுவிடுகின்றனர். மட்காட் இல்லாத வண்டியிலே மாரி காலத்தில் கந்தோருக்குச் செல்பவர் முதுகிலே சேற்றுக் கோலம் போட்டுக்கொண்டுதான் செல்ல வேண்டும். முன்கவரில் வில்லுப் பூட்டிய வண்டிகள் இளைஞரைக் கவர்கின்றன. மலிவான வில்லுகளோ பாரத்தைக் கூட்டி, மிதிக்கும் வலுவிலும் ஒரு பங்கை விழுங்கிவிடும். நம் தெருக்களுக்கு அகன்ற ரயரே போதுமான வில்லு.

மூன்றாவது: சில்லும் ரயரும்

பெல்பாஸ்ற் நகரத்திலே டன்லப் என்பவர் காற்றடைத்த ரயரை 1888ஆம் ஆண்டிலே உலகறியச் செய்தார். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளின் முன், 1876இல், லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த இறப்பர்க் கன்றுகள் நம் நாட்டின் ஹெனரத்கொடையிலே நாட்டப்பட்டன. அன்று தொடங்கிய தொடர்பு காரணமாக ரயர் என்பது நமக்கு அந்நியப் பொருளன்று. ஆயினும் ரயரின் அளவைப் பற்றிய அறியாமை இன்றும் பலரை அலைக்கழிக்கின்றது.

‘26’ என்று எழுதிய ரயர்கள் எல்லாம் ஒன்றென்று நினைத்தல் தவறு. மலைச் சைக்கிளின் 26 அங்குல ரயர் பொருந்தும் றிம்மின் விட்டம் 559 மில்லிமீற்றர். ‘26 x 1 3/8’ என்னும் பழைய வகைக்கோ 590 மில்லிமீற்றர். ஒன்று மற்றொன்றிலே எக்காலத்தும் ஏறாது. அவ்வாறே, ‘28 x 1 1/2’ என்னும் பெரிய பழைய சில்லு 635 மில்லிமீற்றர். இக்காலப் பயணச் சைக்கிள்களிலும் பந்தயச் சைக்கிள்களிலும் காணப்படும் ‘700 சி’ என்பது 622 மில்லிமீற்றர். ரயரின் பக்கத்திலே ‘37-622’ என்றாற்போல ஓர் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் ரயரின் அகலம், இரண்டாம் எண் றிம்மின் விட்டம். கடையிலே பேச்சை நம்பாது இவ்விலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வாங்குமுன், உங்கள் ஊர்க் கடையிலும் நீங்கள் செல்லும் வழியூர்க் கடைகளிலும் அவ்விலக்கத்து ரயர் கிடைக்குமா என்று கேட்டறிதல் மிக அவசியம்.

அகலத்தைப் பொறுத்தவரை, 35 முதல் 42 மில்லிமீற்றர்வரை உள்ள ரயர் இரு வேலைக்கும் ஏற்றது. ஒல்லி ரயர் விரைவானது என்று பலரும் நம்புவர். கரடான தெருவிலே அது வண்டியையும் ஆளையும் குலுக்கி வலுவை வீணாக்குகின்றது. அகன்ற ரயரிலே காற்றுச் சற்றுக் குறைவாயிருந்தாலும் சில்லு உருளும், உடலும் நோகாது. ரியூப்பின் வால்வு மோட்டார் வண்டிக்குரிய தடித்த வகையாயின், எந்த எரிபொருள் நிலையத்திலும் காற்று நிரப்பலாம்.

பாரத்தின் பெரும் பகுதியைச் சுமப்பது பின்சில்லே. பழைய ஆங்கிலேய வண்டிகளிலே முன்சில்லுக்கு 32 கம்பியும் பின்சில்லுக்கு 40 கம்பியும் இருந்தமைக்குக் காரணம் இதுவே. இன்று 36 கம்பியுள்ள பின்சில்லைக் கேட்டு வாங்கினால், நெடும் பயணத்திலே கம்பி அறுந்து நடுவழியில் நிற்கும் அவலம் பெரிதும் குறையும். கம்பிகளை இரண்டிரண்டாகப் பிடித்து அழுத்திப் பாருங்கள். எல்லாம் ஒரே இறுக்கமாயிருத்தல் வேண்டும்.

நான்காவது: மேட்டு நிலத்துக் கணக்கு

கியர் என்பது விளம்பரத்துக்குரிய எண்ணிக்கையாகிவிட்டது. 21 கியர், 24 கியர் என்று கூறி விற்பர். எண்ணிக்கை முக்கியமன்று. ஆகச் சிறிய கியர் எத்துணைச் சிறியது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் கண்டிக்கு 321 கிலோமீற்றர். வவுனியாவரை நிலம் பெரும்பாலும் சமதரை. பழைய கியரில்லாத வண்டியும் அங்கு மகிழ்வோடு ஓடும். தம்புள்ளை கடந்து மாத்தளைப் பக்கம் மலை தலைகாட்டத் தொடங்கியதும் நிலைமை மாறுகின்றது. கொழும்பிலிருந்து செல்வோருக்குக் கடுகண்ணாவை ஏற்றம் அவ்வாறே. கண்டி கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலும் நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலும் உள்ளன.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 28 அங்குலச் சில்லு ஒருமுறை உருண்டால் ஏறக்குறைய 2.23 மீற்றர் செல்லும். பெடலோடு பொருந்திய பல்லுச்சில்லில் 44 பல்லும் பின்சில்லில் 18 பல்லும் இருந்தால், பெடலை ஒருமுறை சுற்ற வண்டி ஏறத்தாழ 5.5 மீற்றர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதிப்பவர் சமதரையிலே மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீற்றர் வேகத்தில் செல்வார். கந்தோருக்குச் செல்ல இது மிகப் பொருத்தமான கியர்.

அதே வண்டி, நூறு மீற்றருக்கு ஆறு மீற்றர் உயரும் மேட்டிலே ஏறுகின்றது என்று கொள்வோம். பெடலின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஆளும் வண்டியும் மூட்டையும் 33 சென்ரிமீற்றர் உயர்த்தப்படுகின்றன. அஃதாவது, வீட்டுப் படியைப்போல் இருமடங்கு உயரமான படிகளிலே மூட்டையோடு ஓய்வின்றி ஏறுவதற்கு ஒப்பாகும். முன்னே 28 பல்லும் பின்னே 34 பல்லும் உள்ள பயணச் சைக்கிளிலோ ஒரு சுற்றுக்கு வண்டி 1.8 மீற்றரே நகரும். உயர்வது 11 சென்ரிமீற்றர். படியின் உயரம் மூன்றில் ஒன்றாகிவிட்டது! வேகம் மணிக்கு ஆறரைக் கிலோமீற்றராகக் குறையும் என்பது உண்மையே. ஆயினும் மூச்சு வாங்காமல், முழங்கால் தேயாமல், நாள் முழுவதும் ஏறலாம். முன் பல்லைப் பின் பல்லால் பிரித்தால் வரும் எண் ஒன்றுக்குக் குறைவாக உள்ள கியர் ஒன்றேனும் இல்லாத வண்டியை மலைநாட்டுப் பயணத்துக்கு வாங்க வேண்டாம்.

சமதரையிலேயே வாழ்ந்து சமதரையிலேயே பயணிப்போருக்குச் சில்லின் அச்சுக்குள் அமைந்த மூன்று கியர் போதும். நொட்டிங்காமில் உண்டான பழைய ஸ்ரேமி-ஆச்சர் வகை, நேர் கியரின் முக்கால் பங்காகக் குறையும், ஒன்றே காலுக்குச் சற்று மேலாகக் கூடும். உறுப்புகள் மூடப்பட்டிருப்பதால் மழையும் மணலும் அதனை அணுகா. எதிர்காற்றுக்கு அது நல்ல துணை.

ஈண்டு ஒரு துணிச்சல் மிக்க பெண்மணியைக் குறிப்பிடல் தகும். அயர்லாந்தைச் சேர்ந்த டேர்வ்லா மர்பி அம்மையார் 1963ஆம் ஆண்டு ஜனவரியிலே, கடுங்குளிரில், ‘றொஸ்’ என்று பெயரிட்ட சைக்கிளில் இந்தியாவை நோக்கிப் புறப்பட்டார். புறப்படுமுன் அதிலிருந்த மூன்று கியர்ப் பொறியைக் கழற்றுவித்தார். வழியிலுள்ள கரடான பாதைகளை அது தாங்காது என்பது அவர் கருத்து. அவ்வண்டியோடே அவர் இந்தியாவை அடைந்தார். மேட்டை எளிதாக்கும் பொறியை இழந்தாலும், வழியிலே பழுதுபட்டுத் திருத்த முடியாத உறுப்பைச் சுமந்து செல்ல அவர் விரும்பவில்லை. இன்று சாதாரண ஏழு, எட்டுக் கியர் உறுப்புகள் நம் நகரங்களிலே கிடைப்பதால் நாம் கியரைக் கழற்ற வேண்டியதில்லை. ஆனால் அவரது கேள்வியை நாமும் கேட்க வேண்டும்: “இது மாங்குளத்திலே பழுதுபட்டால் யார் திருத்துவார்?” விலையுயர்ந்த பன்னிரண்டு பல்லுத் தொகுதியை விட, எளிய எட்டுப் பல்லுத் தொகுதி இக்கேள்விக்கு நல்ல விடை தரும்.

ஐந்தாவது: நிறுத்தும் வலிமை

ஓடுவதைப் பற்றியே பேசும் நாம் நிறுத்துவதைப் பற்றிப் பேசுவது குறைவு. மினுக்கிய இரும்பு றிம்மை இறப்பர்க் கட்டையால் பிடிக்கும் பழைய கம்பிப் பிறேக், மழையில் நனைந்ததும் வலுவிழந்துவிடும். சமதரைக் கிராமத்து ஒழுங்கையிலே அது போதுமானது. ஹப்புத்தளை இறக்கத்திலே மூட்டையோடு மழையில் இறங்குவோர் அதனை நம்புதல் உயிரோடு விளையாடுதலாகும். அலுமினிய றிம்மும் நீண்ட கையுள்ள வயர்ப் பிறேக்கும் உடைய வண்டி குறைந்த செலவிலே நிறைந்த பாதுகாப்புத் தரும். தட்டுப் பிறேக் மழையிலே இன்னும் சிறந்தது. அதில் எண்ணெயால் இயங்கும் வகையைவிட வயரால் இயங்கும் வகையே வழியூரில் திருத்த எளிது. பிறேக் பிடியை விரல்கள் இலகுவாக எட்டுகின்றனவா என்பதைப் பெண்களும் பிள்ளைகளும் தவறாது பார்க்க வேண்டும்.

பாரமும் வெளிச்சமும்

முதுகிலே பையைத் தொங்கவிட்டுச் செல்வது சிறு தூரத்துக்குச் சரி. பத்துக் கிலோமீற்றரைத் தாண்டினால் முதுகு வியர்த்து நனையும், தோள் நோகும், அப்பாரமெல்லாம் சீற்றிலே இறங்கும். பாரத்தைச் சுமக்க வேண்டியது வண்டியே. உருக்குக் குழாயாலான உறுதியான கரியரும், அதன் இருபுறத்தும் தாழத் தொங்கும் இரண்டு பைகளும் கந்தோர்க் கடதாசிக்கும் உதவும், கண்டிப் பயணத்து உடுப்புக்கும் உதவும். பாரம் தாழ்ந்திருந்தால் வண்டி தள்ளாடாது. கடையிலே வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். இயலுமாயின் பத்துக் கிலோ அரிசியைக் கரியரிலே கட்டி ஓட்டிப் பாருங்கள். வெறுமையிலே துள்ளிய வண்டி பாரத்திலே நெளிவதை அப்பொழுது காணலாம்.

வெளிச்சத்துக்கு முன்சில்லின் அச்சிலே அமைந்த டைனமோ மிகச் சிறந்தது. பொதுவாக அது 6 வோல்ற், 3 வாற் மின்சாரம் தரும். இக்காலச் சிறு விளக்குகளுக்கு அது தாராளம். ரயரிலே உராயும் பழைய போத்தல் டைனமோ மழையில் வழுக்கும், மிதிக்கவும் பாரமாயிருக்கும். மின்கல விளக்கு வாங்குவோர் பின்பக்கச் சிவப்பு விளக்கை மறத்தலாகாது. பின்னே வரும் லொறிச் சாரதிக்கு உங்களைக் காட்டுவது அதுவே.

பெண்களுக்கு

குறுக்குச் சட்டமில்லாத வண்டி சேலையோடும் பாவாடையோடும் ஏறியிறங்க வசதியானது. ஆசிரியைமாரும் தாதிமாரும் நாள்தோறும் இத்தகைய வண்டிகளிலே கடமைக்குச் செல்வதை யாழ்ப்பாணத்திலே எவரும் காணலாம். சங்கிலியை முழுவதும் மறைக்கும் மூடியும், பின்சில்லின் மேற்பாதியை மறைக்கும் வலையும் இருந்தால் துணி சிக்கும் ஆபத்து நீங்கும். நெடும் பயணத்துக்குப் பாரம் ஏற்றினால் இவ்வகைச் சட்டம் சற்று நெளியக்கூடும். ஆதலின் மேலிருந்து சாய்வாகச் சென்று பின்சில்லின் அச்சுவரை நீளும் இரட்டைக் குழாய் உள்ள சட்டத்தைத் தேடினால் உறுதியும் வசதியும் ஒருங்கே கிடைக்கும். பெண்களின் இடுப்பெலும்புக்கு ஏற்ற சற்றே அகன்ற சீற்றையும் கேட்டு வாங்குதல் நன்று.

பழைய வண்டி வாங்குவோர்க்கு

புதிய வண்டிக்கு வசதியில்லாதார் மனம் தளர வேண்டியதில்லை. நல்ல பழைய உருக்குச் சட்டம் மலிவான புதிய வண்டியிலும் மேலானது. ஆயின் மூன்று சோதனைகளைச் செய்க. முதலாவதாக, ஹாண்டிலின் கீழே குழாய்கள் சேரும் இடத்தையும் பெடல் அச்சுப் பெட்டியையும் விரலால் தடவிப் பாருங்கள். பூச்சு வெடித்தோ நெளிந்தோ இருந்தால் அவ்வண்டி எங்கோ மோதியதாகும். இரண்டாவதாக, வண்டியைத் தூக்கிச் சில்லுகளைச் சுழலவிடுங்கள். பக்கவாட்டிலே ஆடாமல் நேரே சுழல வேண்டும்.

மூன்றாவது, சங்கிலிச் சோதனை. சைக்கிள் சங்கிலியின் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடையே அரை அங்குலம். ஆகவே 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருத்தல் வேண்டும். அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் சங்கிலியை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தால் பல்லுச்சில்லுகளும் தேய்ந்துவிட்டன என அறிக. அச்செலவையும் விலையிலே கழித்துக் கேளுங்கள். விற்பவரிடம் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குவதும் அவசியம். களவு போன வண்டியை அறியாது வாங்கி அல்லற்படுதல் கூடாது.

வழிக்குத் துணை

வண்டியை வாங்கிய மறுவாரமே கண்டிக்குப் புறப்படுதல் தகாது. சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாண நகருக்கு ஏறக்குறைய 16 கிலோமீற்றர். இத்தகைய தூரத்தை ஒரு மாதம் நாள்தோறும் சென்று வந்தவருக்கு உடலும் பழகும், வண்டியின் குறைகளும் வெளிப்பட்டுவிடும். அன்றாடச் சவாரியே நெடும் பயணத்துக்குரிய பயிற்சி. இரண்டு ரியூப், ஒட்டுப் போடும் பெட்டி, காற்றுப் பம்ப், பொருத்தமான சாவிகள், நான்கு கம்பி, சிறிது எண்ணெய் என்பவற்றைச் சீற்றின் கீழே ஒரு பையில் வைத்திருங்கள். ரியூப்புக்கு ஒட்டுப் போடுதலை வீட்டு முற்றத்திலே பிள்ளைகளோடு இருந்து பழகுதல் நன்று. வெயில் ஏறுமுன் அதிகாலையிலே புறப்பட்டு, நண்பகலில் மர நிழலிலே ஆறி, மாலையில் மீண்டும் செல்க. தண்ணீர் மூன்று லீற்றருக்குக் குறையலாகாது.

முடிவாக, பணத்தைச் செலவிடும் ஒழுங்கைத் தொகுத்துக் கூறுவோம். முதலில் உடலுக்கேற்ற சட்டம், அடுத்துப் பாரம் தாங்கும் சில்லும் ஊரில் கிடைக்கும் ரயரும், பின்பு சிறிய கியர், நம்பத்தக்க பிறேக், உறுதியான கரியர், வெளிச்சம் என்பவை. நிறமும் பெயரும் பளபளப்பும் இவை யாவற்றுக்கும் பின்னரே. ரயரும் சங்கிலியும் தேயும், மாற்றலாம். நன்கு தெரிந்தெடுத்த உருக்குச் சட்டமோ தகப்பன் ஓடி, மகனோ மகளோ ஓடும்வரை நிலைக்கும். ஆகையால், அடுத்த முறை சைக்கிள் கடைக்குச் செல்லும்போது பணப்பையோடு ஓர் அளவுநாடாவையும் எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் வண்டியின் விலையைச் சொல்லுமுன், நீங்கள் உங்கள் கால் அளவையும் ரயரின் இலக்கத்தையும் ஆகச் சிறிய கியரின் பல் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள். விலை பேசுவது அதற்குப் பின் ஆகட்டும்.